சித்திரத்தின் கீழே ஒரு பெயர்

சென்னையில் ஆறு வருஷம் ஓவியம் படித்து, டிப்ளமோ வாங்கிக்கொண்டு, திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்கு நான் டிராயிங் மாஸ்டராக வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் வகுப்பு மற்ற வாத்தியார்களின் உபரி வகுப்பு. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் டிராயிங் பீரியடை எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதுகூட இல்லை. நான் வாசலுக்குப் போகும்போது உள்ளே கரும்பலகையில் வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டவும், இன்ஸ்பெக்டர் வந்தால் நல்வரவு எழுதவும், தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்தில் மணவறை ஜோடிக்கவும் மட்டும் ஆள்விட்டுத் தேடுவார்கள்.

என் நைனா அம்மையார்குப்பத்தில் தறி நெய்தவர். மகன் ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டான் என்று அங்கே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை நானும் நம்பினேன். சொல்லப்போனால் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். கொத்தனார், ஆசாரி, சுண்ணாம்பு அடிப்பவர் எல்லோரும் கைவேலைக்காரர்கள், நான் அந்த ஜாதி இல்லை, கலைஞன் என்று எனக்குள் ஒரு சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு ரைஸ்மில் முதலாளி மலையடிவாரத்தில் சத்திரம் கட்டினார். கூடத்துச் சுவரில் அறுபடை வீடுகளையும் ஆறு பெரிய சித்திரங்களாக எழுதவேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். "நீ மெட்ராஸ்ல சதுவுகினவனாமே, பெரிய படிப்பாமே? பிரமாதமா இருக்கணும், ஆமா" என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன் என்பது காலில் தெரிந்தது.

சித்திரங்களுக்கு மேலே எழுத்து எழுதுவதற்கு அரக்கோணத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெயிண்டரை, பாயை, அமர்த்தியிருந்தார்கள். கடைப் பலகை, ஜட்கா வண்டி, சோடா பாக்டரி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் எழுத்து என்று இருந்தால் அது பாய் கையெழுத்துதான். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நூல் பிடிக்காமல், கோடு போடாமல், ஏணியில் நின்றபடியே ஒரு முழ உயர எழுத்தை ஒரே இழுப்பில் இறக்குவார். அதை நான் வாய் திறந்து பார்த்ததுண்டு. வாய் திறந்து பாராட்டியதில்லை.

யுத்தத்தினால் சீமைக் கலர் டியூபுகள் வருவது நின்றுபோயிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பாய்தான் சொன்னார்: "டியூபு வராது மாஸ்டரே. கப்பல் மேல குண்டு போட்டுகினு இருக்கான், உங்களுக்கு கலரா வரும்? பொடி வாங்கியாரேன், எண்ணெய் வுட்டு நானே அரைச்சுத் தரேன்."

தினமும் அவர் எழுத்து வேலையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு மணி நேரம் கல்லில் உட்கார்ந்து எனக்காக வர்ணம் அரைத்தார். மயிலுக்கு ஒரு நீலம் வேண்டும் என்றேன். மூன்று நாள் அரைத்து, கலந்து, பலகையில் தடவிக் காயவைத்துப் பார்த்து, நான்காம் நாள் ஒரு நீலம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு என் ஆயுளில் அந்த மாதிரி நீலத்தை நான் தொட்டதில்லை. "ம், பரவாயில்லை" என்று வாங்கிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு சத்திரத்துப் பின்கட்டில். கொத்தனார், சித்தாள், பாய், நான் எல்லோருக்கும் வேப்பமரத்தடியில் வரிசையாக இலை. இரண்டாம் நாளே முதலாளியின் மேனேஜரைக் கூப்பிட்டு நான் சொன்னேன்: "நான் டிப்ளமோ வாங்கினவன் சார். போர்டு எழுதறவங்களோட என்னைச் சேர்த்து உக்கார வெக்கறீங்களே. அவர் வேற, நான் வேற."

பாய் அப்போது நாலடி தள்ளிக் கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுவது ஒரு கணம் நின்று, மறுபடி ஊற்றும் சத்தம் கேட்டது. மறுநாள் என் இலையைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். அதுவும் பின்கட்டுதான். வேப்பமர நிழல் மட்டும் அங்கே இல்லை. வெயிலில் தனியாக உட்கார்ந்து, கலைஞனாகச் சாப்பிட்டேன்.

கோடை லீவு முழுவதும் போட்டு ஐந்து மாதத்தில் ஆறு சித்திரங்களும் முடிந்தன. திருத்தணிச் சித்திரத்தில் மலையும் படிகளும் பூக்காவடியும் வரைந்தேன். பக்தர் கூட்டத்தில் தன் முகமும் இருக்கவேண்டும் என்றார் முதலாளி. கை கூப்பி நிற்பதாக அவரை வரைந்தேன். தொப்பையைக்கூடக் குறைத்து வரைந்தேன். ஒவ்வொரு சித்திரத்தின் கீழும் வலது மூலையில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டேன். கட்டைவிரல் வைத்தால் மறைந்துவிடும் அளவு. அவ்வளவுதான் நான் எனக்காகச் செய்துகொண்டது.

திறப்பு விழா அன்று காலையில் வேட்டி சட்டை துவைத்துக் கட்டிக்கொண்டு சத்திரத்துக்குப் போனேன். ஆறு சித்திரங்களின் கீழ் மூலையிலும் காவி வர்ணம் பூசியிருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டியது. மேலே, சாமியின் கிரீடத்துக்கும் மேலே, முழ உயரத்தில் முதலாளியின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும், அதன் பின்னால் 'உபயம்' என்ற வார்த்தையும் பளபளத்தன.

முதலாளி வாசலில் வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போனேன்.

"என் பேரை ஏங்க அழிச்சீங்க?"

"ஏமய்யா, சாமி படத்துல உன் பேர் எதுக்கு? செங்கல் வெச்ச மேஸ்திரி பேர் போட்டுகினானா? கதவு செஞ்ச ஆசாரி போட்டுகினானா? அவங்கல்லாம் சும்மா இல்ல?"

"உங்க பேரு சாமி தலைக்கு மேல இருக்குதேங்க."

"அது உபயம். நான் குடுத்தது."

"இது நான் வரைஞ்சதுங்க."

"அதுக்குத்தான் கூலி வாங்கிகினியே?" என்று சொல்லிவிட்டு வாழைமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூலி! ஆறு வருஷப் படிப்பையும் ஐந்து மாத உழைப்பையும் அந்த ஒரு சொல்லில் துடைத்துப் போட்டார். எனக்குக் கண் இருண்டுவிட்டது. உள்ளே போனேன். பாய் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் என்று பார்க்காமல் ஒருமையில் கத்தினேன்: "நீ எப்படி என் பேர் மேல கை வெச்ச?"

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தபடி, 'நீங்க'வை விடாமல், நிதானமாகச் சொன்னார்: "அழிக்கச் சொன்னாங்க, அழிச்சேன். நீங்க ஆர்ட்டிஸ்ட்டு மாஸ்டரே. நான் போர்டு எழுதறவன். சொன்ன வேலையச் செய்யறவன்."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஆங், சொல்லியிருக்கலாம். அந்த மயிலு நீலம் அரைச்சது யாரு? அதுல என் பேரைப் போட்டீங்களா? போடணும்னு தோணுச்சா? உங்க பேருக்குக் கீழ எடம் இருந்துச்சே."

கேட்டதும் என் கோபம் இரண்டு மடங்கானது. அந்தக் கோபத்தோடுதான் விழாவில் போய் உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து ஒரு பாகவதர் கச்சேரிக்கு வந்திருந்தார். ரயிலடியிலேயே அவருக்கு மாலை போட்டு, முதலாளி தன் சொந்த வண்டியில் அழைத்து வந்திருந்தார். மேடையில் திண்டு, வெள்ளிக் கூஜா, பொன்னாடை. அவருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு காலத்தில் பின்கட்டில் இருந்த பாட்டுக்காரன் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் எழுதுகிறவன் மட்டும் ஏன் இன்னும் பின்கட்டில்? பாட்டு சுவரில் தங்குவதில்லை. அதனால் அதோடு யாரும் பேருக்குப் போட்டி போடுவதில்லையோ என்னவோ.

சித்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பழைய ஜட்ஜ் தலைமை வகித்தார். அவர் சித்திரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, மேடையில் நின்று, "இந்த மயிலைப் பாருங்கள், தோகை அசைகிற மாதிரி இருக்கிறது. யார் வரைந்தது?" என்று கேட்டார்.

முதலாளி எழுந்து, "மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்களை வரவெச்சு போட்டோமுங்க" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நான்தான் வரைஞ்சேன்! இந்த ஊர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். என் பேரை இன்னைக்குக் காலையிலதான் அழிச்சாங்க!"

எனக்குப் பக்கத்தில் இருந்த தலைமையாசிரியர் என் வேட்டி முனையைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு முருகனின் கருணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாகவதர் தம்பூராவின் சுருதியைத் திருத்தினார். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்காவது, மேடையை விட்டு இறங்கி வந்து 'என்னப்பா விஷயம்' என்று கேட்க வாய் வரவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி பள்ளிக் கமிட்டியில் முக்கியமானவர். "மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா வேலை இருக்காது. நீங்க செஞ்சது வாத்தியார் செய்யற காரியமா?" என்றார். வீட்டில் மனைவி ஏழு மாதம். அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்த காலம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'உணர்ச்சிவசப்பட்டு, என் தகுதியை மறந்து' என்ற சொற்கள் அதில் இருந்தன. கீழே என் பெயரைப் போட்டேன். அந்தக் காகிதத்தில் மட்டும் என் பெயரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பிரதிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. முதலாளி என்னைக் கூலி என்று சொன்னார். அதை எழுத்தில் ஒப்புக்கொண்டவன் நான்.

அந்த வாரக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அரக்கோணம் போனேன். ஸ்டேஷனுக்கு எதிர்த்தாற்போல் பாயின் தகரக் கடை. ஒரு வளையல் கடைப் பலகைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னைக்கு சாப்பாட்டு எடத்துல நான் பேசினது தப்பு."

அவர் நிமிரவில்லை. "தப்புதான்."

"வர்ணம் அரைச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லாததும் தப்பு."

"அதுவும் தப்புதான்." இன்னொரு இழுப்பு மஞ்சள் அடித்துவிட்டு, "அந்தப் பலகைய ஒரு பக்கம் புடிங்க, காத்துல ஆடுது" என்றார். பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

சில மாதம் கழித்து மணவூர்ப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டது. அவர்களுக்குத் திரைகள் வேண்டும் என்று பாயிடம் வந்தார்கள். பாய் என்னைக் கூப்பிட்டார். ஊர்ப் பெரியவர்கள் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு வீடுகூடக் கொடுக்கமாட்டார்கள். அந்தக் கம்பெனி முதலாளி எங்கள் இருவருக்கும் தன் பக்கத்திலேயே இலை போட்டுச் சோறு போட்டார். தர்பார்த் திரை முடிந்ததும் அவராகவே கேட்டார்: "இன்னா, கீழே பேரு போடலியா? போடுங்கய்யா. ஜனங்க தெரிஞ்சுக்க வேணாமா?" கௌரவமான சத்திரத்தில் கிடைக்காத மரியாதை, கௌரவமில்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய கொட்டகையில் கேட்காமலே கிடைத்தது. என் பெயரையும் பாய் பெயரையும் சேர்த்துப் போட்டேன்.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. சென்னையில் ஒரு கண்காட்சியில் என் படங்கள் இரண்டை வைத்தார்கள். பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதற்குப் பிறகு ஊரில் நான் திடீரென்று மனிதனானேன். தலைமையாசிரியர் என்னை 'நம்ம ஓவியக் கலைஞர்' என்று வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தார். டிராயிங் பீரியடை எடுத்துக்கொள்ளும் கணக்கு வாத்தியார் முதல் தடவையாக அனுமதி கேட்டார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஆத்திரம்தான் வந்தது. அதே கை, அதே வேலை. நாலு வரி அச்சில் வந்தால்தான் இவர்கள் கண்ணுக்குத் தெரிவேனா?

ஒருநாள் ரைஸ்மில் மேனேஜர் என் வீடு தேடி வந்து, உட்காரச் சொல்வதற்காகக் காத்து நின்றார். "மொதலாளி சொல்லியனுப்பினாருங்க. சத்திரத்துக்கு வர்றவங்கல்லாம் படத்தை யாரு வரைஞ்சதுன்னு கேக்கறாங்க. நீங்க வந்து மறுபடி உங்க பேரைப் போட்டுக்கலாமாம்."

"போடறேன். அரக்கோணத்துப் பாய் பேரையும் சேர்த்துத்தான் போடுவேன்" என்றேன்.

மேனேஜர் முகம் மாறியது. "பாய் பேரா? சாமி படத்துலயா? ஜனங்க இன்னா சொல்லும்?"

"அப்படின்னா என் பேரும் வேணாம்னு சொல்லிடுங்க."

அவரை அனுப்பிவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அரக்கோணம் போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல பாய், நியாயம்னு..."

"அந்த ஆளு சுவத்துல எனக்கு எதுக்குப் பேரு? வேணும்னா நானே கேப்பேன். எனக்கு வாய் இல்லியா? நான் இல்லாத எடத்துல என் பேரைச் சொல்லி சண்டை போட்டுட்டு வர்றீங்க. அன்னைக்கு எலையைத் தள்ளிப் போடச் சொன்னப்பவும் என்னைக் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது. அவர் சொல்வதில் தப்பில்லை என்பதால் அதைக் காட்டவும் முடியவில்லை. பிறகு அவர் டீ வரவழைத்தார்.

அடுத்த வாரம், மறுபடி மணவூர் வந்திருந்த அதே நாடகக் கம்பெனிக்கு ஒரு காட்டுத் திரை முடித்தோம். பெயர் போடும் நேரம் வந்தபோது நான் தூரிகையை அவர் பக்கம் நீட்டி, "எப்படிப் போடலாம்?" என்று கேட்டேன். பாய் தன் பெயரை முதலில் எழுதினார். என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார்.