கண்மாய்க்கரையில் ஒரு தும்மல்

என் வீட்டுக்காரரின் ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி போடுவதில்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், சத்தம் கேட்டால் மிரண்டுவிடும் என்பதால் அப்படி. அந்த ஊரில் நடந்த எங்கள் கல்யாணத்தில் கெட்டிமேளத்தையே கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கச் சொன்னார்கள். அதை இன்றுவரை நான் சொல்லிக்காட்டுகிறேன்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் சிறகை விரித்துக் கிளம்புகிற படம். மூன்று வருஷமாக ராமநாதபுரத்திலிருந்து அவரோடு பைக்கில் போய், கரையில் குத்தவைத்துக் காத்துக்கிடந்தேன். அந்தப் பறவைகளுக்கோ ஊர்க்காரர்கள்மேல் அத்தனை நம்பிக்கை. ஒன்றிரண்டு எழும்பும். மற்றதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

போன தை மாசக் கடைசியில் என் பொறுமை போய்விட்டது. தண்ணி வற்றினால் எல்லாம் கிளம்பிவிடுமே.

“ஏங்க, ஒரே ஒரு தடவை கையைத் தட்டுங்களேன்” என்றேன் ரகசியமாக.

“கூட்டுல குஞ்சு கிடக்கு. பதறி எந்திரிச்சா கீழ விழுந்திரும். சின்னப்பிள்ளையில நான் ஒரு பொட்டுவெடி வெடிச்சதில்ல, உன் போட்டோவுக்குக் கை தட்டணுமாக்கும். பேசாம இங்கன உக்காரு.”

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கேமரா பை தூக்க வந்த ஆளுக்கு வாயைப் பாருங்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரைமேல் ஒரு ஆட்டு மந்தை போனது. ஒரே புழுதி. அவருக்குத் தூசி ஆகவே ஆகாது. அவர் தும்மினால் எங்கள் தெரு நாய் குரைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கம் கலைந்து அழும். மூக்கு விடைப்பதைப் பார்த்துவிட்டேன். கேமராவைக் கண்ணில் வைத்து, பட்டனில் விரலை வைத்து, தும்மு ராசா, தும்மு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அரை நிமிஷம் ஆச்சு. ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால், மனுஷர் பத்தடி தள்ளிச் சரிவில் இறங்கி உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்து, மூக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறார். முகமெல்லாம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வயிறு மட்டும் ஒருமுறை குலுங்கி அடங்கியது. எரிச்சலில் அவரையே ஒரு படம் எடுத்தேன். கேமராவைப் பையில் போட்டுக் கிளம்பச் சொன்னேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் தோளுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு நாரை தன் பாட்டுக்குக் குஞ்சுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம் வந்தது, கூடவே என்மேல் கொஞ்சம் வெட்கமும்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். பல்வலிக்காரன் மாதிரி இருக்கேன், கழட்டு என்கிறார். நான் கழட்டுவதாக இல்லை.