அக்ராவில் நகராத விலை

அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷனில் நான் காலைக் காப்பி கலக்கும் நேரத்தில் கென்யாவின் நைரோபியில் பங்குச் சந்தையை மூடிக்கொண்டிருப்பார்கள். கானாவின் அக்ராவில் இன்னும் நடந்துகொண்டிருக்கும். கால் வைத்திராத இரண்டு ஊர்களின் பொழுது எனக்கு அத்துப்படி. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. ஒரு செய்தி பங்கின் விலையில் பிரதிபலிக்க எவ்வளவு காலம் பிடிக்கிறது, அந்த வேகம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று இரு நாடுகளையும் ஒப்பிடுவது என் வேலை. இதற்கா ஈரோட்டிலிருந்து வந்தாய் என்று நானே கேட்டுக்கொள்வதுண்டு.

சேர்ந்த புதிதில், அக்ராவில் ஒரு பங்கின் விலை வாரக்கணக்கில் அசையாததைப் பார்த்து, கம்பெனி நிலையாக இருக்கிறது என்றேன். மேலாளர் கெவின் சிரித்தார். யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை, அதனால்தான் பழைய விலையே நிற்கிறது என்று விளக்கினார். அப்போது அது எனக்கு வெறும் பாடம்.

சில வாரங்களாக அம்மா போனில் ஒரே பதில்தான் சொன்னாள். "ஒண்ணுமில்ல கண்ணு. அப்பா இப்பத்தான் கண்ணசந்தாரு." வீடியோவில் அவள் முகம் மட்டும் தெரியும். போன வாரமும் அதையே சொன்னபோது, எதிரே மடிக்கணினியில் விலை அசையாத அக்ரா பங்கின் தட்டைக் கோடு. உடனே தங்கை கவிதாவைக் கூப்பிட்டேன்.

"பக்கவாதம்ண்ணா. பேச்சே வரல. நீ கெளம்பி வந்துட்டா திரும்பிப் போக விசா சிக்கலாயிரும்னு அம்மாதான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

வெளிநாட்டில் இருப்பவனிடம் கெட்ட செய்தியை மறைப்பதற்கு எங்கள் ஊரில் பாசம் என்று பெயர். பாசமாம்! நைரோபியில் முகமறியாதவர்களுக்கெல்லாம் பங்குச் செய்தி கைபேசியில் போய்ச் சேர்கிறது. பெற்ற மகனுக்குச் சேரவில்லை.

அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று கெவினிடம் சொன்னேன். மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டார். தானும் தன் அப்பாவும் பேசி வருஷக்கணக்காகிறது, காலப்போக்கில் சரியாகும் என்று தோளைத் தட்டினார். திருத்த எனக்குத் தெம்பில்லை.

இங்கே இருந்து வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டில் விசா முடிந்து கிடக்கிறது. போனால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக விசா முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை வேலை காத்திருக்காது. "போங்க, பாத்துக்கலாம்" என்றாள் மனைவி செல்வி. சொல்லும்போது மகள் நிலாவைத்தான் பார்த்தாள்.

இன்று மாலை அம்மா போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும் என்னைத் தேடின.

"நாங்க எல்லாம் நல்லாருக்கோம்ப்பா. அடுத்த மாசம் வர்றேன்."

என் வாயிலும் பழைய விலைதான் வந்தது. நிலா நிமிர்ந்து பார்த்தாள். "ஒய் ஆர் யூ லையிங், அப்பா?"

போனை வைத்ததும் டிக்கெட் பக்கத்தைத் திறந்தேன். நெவார்க்கிலிருந்து கோயம்புத்தூர். போகும் தேதிக்கு நாளையைப் போட்டேன். திரும்பும் தேதி கேட்டது. தெரியாது என்று போட அதில் இடமில்லை. 'ஒன் வே'யை அழுத்தினேன். அறைக்குள் நிலா நாளைய பள்ளிக்குப் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.