நாய்க்கு எந்த ஷிஃப்ட்?

நாய் வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், என்ன ஜாதி, என்ன நிறம் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்கிறேன். ஓசூரில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். புரிந்தும் சிரித்து மழுப்புவார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பியும் அப்படித்தான் சிரித்தான்.

நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் தகரக் கூரை போட்ட போர்ஷனில் தம்பியும் அவன் மனைவியும் மகளும். அவனுக்கு ஒரு கம்பெனி, அவளுக்கு வேறொரு கம்பெனி, இருவருக்குமே ஷிஃப்ட். மகளுக்குப் பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் என் வீடு. ஏனென்றால் எனக்கு மட்டும்தான் ஜெனரல் ஷிஃப்ட். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டிய ஒரு கம்பெனிக்குக் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடுவேன். அதுவே பிறகு என் தலையில் வந்து விடிந்தது.

மகள் ஆசைப்பட்டாள் என்று நாய் பார்க்கக் கிளம்பினார்கள். சாதாரண நாய் ஆகாதாம். பனியில் வண்டி இழுக்கும் ஹஸ்கிதான் வேண்டுமாம்.

"ஏன்டா, சித்திரையில இந்தத் தகரத்துக்கடியில மனுஷனே வெந்து போறான். அது என்னடா பண்ணும்?"

"ஓசூர் கிளைமேட்டுக்கு சூப்பரா இருக்கும்னு விக்கிறவரே சொல்றாருக்கா."

விற்கிறவன் வேறென்ன சொல்வான்?

"சரி, யாரு பாத்துக்கிடுவா?"

அப்போதுதான் அந்தக் கணக்கைச் சொன்னான். அவன் காலை ஏ ஷிஃப்டில் போனால் அவள் மதியம் பி ஷிஃப்ட். வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருப்பார். இந்த ஊரில் மட்டுமே போடக்கூடிய கணக்கு இது. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு கம்பெனிகளும் பேசி வைத்துக்கொண்டு மாற்றுவதில்லை, ஓ.டி. என்று மேலே இருப்பவர் சொன்னால் முடியாது என்று சொல்ல முடியாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? சி ஷிஃப்ட் முடித்து வந்தவன் பகலில் தூங்குவானா, நாயை நடக்கக் கூட்டிப்போவானா? கேட்டேன். "பாத்துக்கலாம்க்கா" என்றான். நம் ஜனங்கள் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் வாங்கிவிடுவார்கள்.

நாய் வந்தது. நீலக் கண், வெள்ளைப் பஞ்சு உடம்பு. தெருவே வந்து போட்டோ எடுத்துக்கொண்டது. தூக்கிக் கொஞ்ச முடிந்த வரைக்கும் எல்லோரும் கொஞ்சினார்கள். வளர்ந்ததும் சோற்றில் முடி, துணியில் முடி, கட்டில் காலைக் கடித்துவிட்டது என்று தம்பி மனைவி என்னிடமே புகார் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் விழுந்த வாரங்களில் அதை மாடிப்படியில் கட்டிவிட்டுப் போனார்கள். நான் வேலையிலிருந்து வரும்போது தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து காய்ந்து கிடக்கும். அது அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், மாடிக்கு அல்ல, என் வாசலுக்கு. ஊசி போடக் கூட்டிப் போனது நான். தோலில் புண் வந்தபோது மருந்து தடவியது நான்.

"உனக்கென்னக்கா, ஜெனரல் ஷிஃப்ட்தான?"

ஆனால் நாய் பாசம் வைத்ததென்னவோ அவன் மேல்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்துவிடும். அந்த நீல யூனிஃபார்ம் சட்டை கண்ணில் பட்டால் சங்கிலியை அறுத்துவிடுவதுபோல் குதிக்கும். அவன் தலையை ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்வான்.

தீபாவளி வந்தால் ஓசூரில் பாதி வீடுகள் பூட்டிவிடும். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு மதுரை, திருநெல்வேலி என்று பஸ் ஏறிவிடுவார்கள். அந்தத் தீபாவளிக்கு நாய்க்காக நான் போகவில்லை. ஊரில் அம்மா தனியாகப் பலகாரம் சுட்டாள். பொங்கலுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நான் ஊருக்குப் போகிறேன், உன் நாயை நீயே பார்த்துக்கொள் என்று. அவன் மாமியார் வீட்டில் நாய் ஆகாது. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் வந்து, "தளியில ஃபிரெண்டு தோட்டத்துல விட்டுட்டேன்க்கா. பெரிய இடம், நல்லா ஓடி விளையாடுது" என்றான். நம்பினேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் போய் அதைப் பார்த்துவரலாம் என்றேன். ஃபிரெண்டு வெளியூர் போயிருக்கிறான் என்றான். பிறகு கேட்டாலும் ஏதோ ஒரு காரணம்.

ஒருநாள் காலை என் கம்பெனி பஸ் எல்லையோரம் ஜூஜுவாடியில் ஆள் ஏற்ற நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். முன்னால் நின்ற இன்னொரு கம்பெனி பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் நீலச் சட்டை. அழுக்கேறிய ஒரு ஹஸ்கி நொண்டிக்கொண்டே ஓடி, இறங்கிய ஒவ்வொருவரையும் மோந்து பார்த்தது. கடைசி ஆளும் இறங்கிப் போனதும் பஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

டிரைவர் கத்தக் கத்த இறங்கிவிட்டேன்.

"கொஞ்ச நாளா இங்கியேதான் சுத்துதுங்க" என்றாள் டீக்கடைக்காரம்மா. "கம்பெனி பஸ் வந்தா ஓடும். எல்லாரையும் மோந்து பாத்துட்டு வந்து படுத்துக்கும். பன்னு போட்டாக்கூட சரியா தின்ன மாட்டேங்குது."

பொங்கல் சமயத்தில் இது நடப்பதுதான் என்றும் சொன்னாள். பெங்களூரு கார்கள் நாயை இந்தப் பக்கம் இறக்கிவிடும், நம் ஆட்கள் அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். மாநிலம் மாறிவிட்டால் நாய் திரும்பி வராது என்று ஒரு நம்பிக்கை. தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு மாநிலமும் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை! லாரிகள் பறக்கும் அந்த ரோட்டை இது எப்படித் தாண்டி வந்ததோ தெரியாது.

என்னுடைய சாம்பல் நிற யூனிஃபார்மை அது திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபின்தான் வந்தது. கழுத்தில் துப்பட்டாவைக் கட்டினேன். ஆட்டோக்காரர்கள் ஏற்றவில்லை. காலித் தக்காளிப் பெட்டிகளோடு ராயக்கோட்டைக்குத் திரும்பிய ஒரு மினி லாரிக்காரர்தான் நிறுத்தி, "ஊசி போட்ட நாயாம்மா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். மாட்டாஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டு வீடு வந்தபோது, தம்பி பி ஷிஃப்டுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தான்.

"அட, எங்கக்கா கெடச்சுது? தோட்டத்துல இருந்து ஓடிப்போச்சுன்னு சொன்னாங்களே!"

கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பொய். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் நாய் துப்பட்டாவை உருவிக்கொண்டு ஓடியது. கட்டுப் போட்ட காலோடு அந்த நீலச் சட்டையின் மேல் தாவி, குழந்தைபோல் முனகி, அவன் முகத்தையெல்லாம் நக்கியது.

"பாத்தியாக்கா, என்னை மறக்கவே இல்ல" என்று சிரித்தான்.

எனக்கு அந்த நாயின் மேலேயே கோபம் வந்தது. கடிக்கத் தெரியாத ஜென்மம். இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

இப்போது அது என் நாய். இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அம்மா போனில் அழுதாள், நான் அவளிடமும் எரிந்து விழுந்தேன். தெருமுனையில் ஹாரன் அடித்தால் அது இன்னமும் எழுந்து போய்க் கதவோரம் நிற்கிறது. மாடியிலிருந்து ஷூ சத்தம் இறங்கி வரும். வாலை ஆட்டும். சத்தம் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஒரே வீட்டில்தான் இருக்கிறான், அதைப் பார்க்க என் கதவை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.