அப்பாவின் வெறுங்கால்

அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. போன மனுசனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதக் கூடாதா என்று அம்மா கேட்கிறாள். எழுதலாம். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் அது அவர் காலில்தான் போய் நிற்கிறது.

அப்பா செருப்பு போடமாட்டார். எங்கள் ஊர் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. மானாவாரி நிலம், கொஞ்சம் கடலை, கொஞ்சம் சோளம், வரப்போரம் முருங்கை. வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை அவர். ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறைக் கரட்டில் ஏறிவிடுவார், இல்லையென்றால் குளத்தில் இறங்கிவிடுவார். "வீட்டுக்குள்ள இருந்தா மேலெல்லாம் அரிக்குது" என்பார். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அவருக்குச் செருப்பு வாங்கிப் போவேன். யார் வீட்டு விசேஷத்துக்காவது போனால் மண்டப வாசல் வரைக்கும் போட்டிருப்பார். திரும்பும்போது அது மஞ்சப்பைக்குள் இருக்கும்.

வீடு வாசல் மறந்து திரிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. கரட்டில் நாலு களாக்காய் கிடைத்தாலும் தனியாக வாயில் போடமாட்டார். துண்டு முனையில் முடிந்து வீட்டுக்குத்தான் கொண்டுவருவார். மழைக்குப் பிறகு காளான், வாய்க்காலில் நண்டு, எது கிடைத்தாலும் அன்றைக்குச் சோற்றுக்கு அதுதான் எங்களுக்கு வெஞ்சனம். நண்டுக் காலைப் பல்லால் உடைத்து, சதையை என் தட்டிலும் அம்மா தட்டிலும் வைத்துவிட்டு, ஓட்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நீங்களும் தின்னுங்களேன்" என்று அம்மா அதட்டுவாள். "எனக்கு இதுதான் ருசி" என்பார். பச்சைப் பொய்.

ஐம்பது தாண்டியதும் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஞாபகம் வந்தால் போடுவார். வேறு ஒரு தொந்தரவும் இல்லாததால் அது ஒரு வியாதி என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பெருமை ஆரம்பித்தது. "இப்பல்லாம் முள்ளுக் குத்துனாக்கூடத் தெரிய மாட்டேங்குது. காலு காப்புக் காச்சுப்போச்சுல்ல" என்று டீக்கடையில் சொல்லுவார். சும்மா சொல்லவில்லை, நெருஞ்சி முளைத்த தரையில் நடந்தே காட்டுவார். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். குழாயடியில் அம்மாவும் இதைத்தான் பேசுவாள். இத்தனை வருசம் காடு மேடு மிதித்த காலுக்குக் கிடைத்த வரம் என்று ஊரே நம்பியது. ஒரு மனுசன் காலில் முள் ஏறி, அது அவனுக்குத் தெரியவில்லையென்றால் பயப்பட வேண்டாமா? எங்கள் ஊரில் அதற்குக் கைதட்டினோம்.

கோடையில் குளம் வற்றி முழங்கால் தண்ணீர் கிடக்கும்போது ஊரோடு மீன் பிடிப்பது வழக்கம். கரையில் கன்னிமாருக்குச் சூடம் காட்டி, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் மொத்த சனமும் உள்ளே இறங்கும். அன்றைக்குப் பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில்தான் சமைக்க வேண்டும். கன்னிமார் தண்ணீர் என்பதால் யாரும் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது. அப்பாவுக்கு அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது. மூங்கில் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூடை. சேற்றில் மீனின் மேல் அமுக்கிவிட்டு, மேலே கைவிட்டு எடுக்க வேண்டும்.

எல்லாம் நடந்த அந்த வருடமும் முழங்கை நீளத்துக்கு ஒரு விராலோடு கரையேறினார். கரையெல்லாம் ரத்தம். மீன் ரத்தம் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாளாம். குடித்துவிட்டு எவனோ உடைத்துப் போட்ட பாட்டில், உள்ளங்காலில் சில்லாக ஏறியிருந்தது. அம்மா பிடுங்கினாள். அவர் அந்த நேரத்திலும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டார். மறுநாள் களை வெட்டப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா போனில் கூப்பிட்டாள். "ஒங்கப்பா கால்ல ஒரு வாடை அடிக்குதுத்தா. கேட்டா ஒண்ணுமில்லங்குறாரு." ஆட்டோ வைத்துப் போய்க் கட்டாயப்படுத்தி ஏற்றி வந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஊசி முனையால் பாதத்தில் தொட்டார்.

"தெரியுதாய்யா?"

"தெரியாது சார். நமக்கு எப்பவுமே தெரியாது" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் முகத்தில் டீக்கடைச் சிரிப்பு இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. சர்க்கரையால் நரம்பு செத்துப்போனதைத்தான் இத்தனை நாள் தெம்பு என்று நினைத்திருக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். யாரோ அவரைத் திட்டிவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"வெரலோட நிறுத்திக்கிறலாமா சார்? நான் காடு கரைன்னு திரியுற ஆளு" என்று கேட்டார்.

விரலோடு நிற்கவில்லை. முதலில் விரல், அப்புறம் பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இதோடு சரியாகிவிடும் என்றுதான் ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பினோம். வீட்டுக்கு வந்ததும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். ஜன்னல் வழியாகக் கரடு தெரிகிறதாம். அம்மா சந்தையில் விரால் வாங்கிக் குழம்பு வைத்தாள். தொடவே இல்லை. கட்டைக்கால் வைத்து நடக்கலாம் என்று நான் பேச்செடுத்தேன். "சும்மா இருத்தா" என்றார்.

மிச்சமிருந்தது இடது கால். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் கண்ணை மூடச் சொல்லி, ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்; உணர்ச்சி இருக்கிற வரைக்கும் பயமில்லை என்றார். அம்மா காலையில் சாமி கும்பிட்ட கையோடு குச்சியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். "தெரியுது" என்பார் அப்பா. "தெரியுதாம்டி" என்று எனக்குப் போன் வரும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா அன்றைய பொழுதை ஓட்டினாள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அடுப்படியில் வேலையாக இருந்தாள். "இன்னைக்கு நீ பாருத்தா" என்று குரல் கொடுத்தாள். கட்டிலடியில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்தேன். வெடிப்பெல்லாம் மூடி, நடக்காத குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்று இருந்தது. கண்ணை மூடச் சொன்னேன். மூடினார். குச்சி ஜன்னல் திட்டில் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"தெரியுதுத்தா" என்றார் அப்பா. "நல்லாத் தெரியுது."

குச்சி இன்னும் திட்டிலேயே கிடந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னத்தா சொல்றாரு?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"தெரியுதாம், அம்மா" என்றேன்.