கடதாசி சுடும் துவக்கு

காலை ஒன்பதரைக்கு லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். நவம்பர் மழை. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்க்காது, விடவும் விடாது. சட்டைக்குள் நசநசவென்று இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திருச்சியிலிருந்து நான் வந்த மூன்று நாளாக வெயிலையே காணோம். எனக்குப் பாரிஸ் வெறுத்துவிட்டது.

கூட வந்தவர் சிவநேசன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்துவிட்டு இங்கே வந்தவர். துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, அனுமதியெல்லாம் பெற்று, ஒரு பழைய துப்பாக்கி வாங்கப் புறப்பட்டிருந்தார். அவர் மனைவி வசந்தி அண்ணி ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்: முதலில் தான் பார்க்க வேண்டும், தன் மனம் ஒப்பாவிட்டால் அன்றைக்கே அது திரும்பிப் போக வேண்டும்.

“உங்களுக்கு எதுக்கண்ணே இந்த வேண்டாத வேலை?” என்றேன்.

“ஊரிலை துவக்கைக் கண்டாலே ஓடின ஆள் நான். ஒருக்காலாவது பயப்பிடாமல் கையிலை பிடிச்சுப் பாக்கவேணும், தம்பி. கடதாசியைச் சுடத்தான்.”

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து புறநகர் ரயிலில் கால் மணி நேரத்தில் கார்ஜ் என்ற ஊர். அடுக்குமாடிகளைத் தாண்டி ஒரு சின்னத் துப்பாக்கிக் கடை. கிழவர் ஒருவர் எடுத்து வைத்தார்: பாயிண்ட் டூ டூ ரைபிள், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. தோளில் அணைக்கும் வால்நட் கட்டை, கன்னம் பட்டுப் பட்டு வழுவழுத்திருந்தது. தோட்டா போடும் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் வெண்ணெயில் கத்தி போலப் போய்வந்தது. அடடா, என்ன வேலைப்பாடு! விலை நூற்று எண்பது யூரோ. முன்பு வைத்திருந்தவர் பள்ளி ஆசிரியராம். இலக்கு அட்டையைத் தவிர வேறெதையும் சுட்டதில்லையாம். கடை ஏழு மணிவரை, வீட்டில் சண்டை வந்தால் கொண்டுவந்து கொடு என்று கிழவர் சிரித்தார்.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் வீட்டு மேசையில் அதைக் கிடத்தினோம். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பாரும், எவ்வளவு வடிவா வைச்சிருக்கிறார் அந்த வாத்தியார்,” என்றார் அண்ணன். சின்னப் பிள்ளைபோல முகமெல்லாம் சிரிப்பு.

“இதாலை ஆரும் செத்தவையோ?”

“சீச்சீ! கடதாசி மட்டும்தான்.”

அண்ணி கட்டையை ஒரு விரலால் தடவினார்.

“ஓம், வடிவாத்தான் இருக்கு,” என்றார். “என்ரை தம்பியைச் சுட்ட துவக்கையும் ஆரோ ஒருத்தன் இப்பிடித்தான் எண்ணெய் போட்டு வடிவாத் துடைச்சு வைச்சிருந்திருப்பான்.”

கோபமே இல்லை அந்தக் குரலில். சோறு போடப் போய்விட்டார். அண்ணன் துப்பாக்கியை அதன் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

நாலு மணிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி அதே ரயில். அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது.

“அவள் சொன்னதிலை பிழையில்லை,” என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. “ஆனா எனக்கு ஆசையாக் கிடக்கு, தம்பி. அழுகை வருது.”

திருச்சியில் நான் கண்ட துப்பாக்கி வங்கி வாசலில் தூங்கும் காவலாளியின் மடியில் கிடப்பதுதான். அது யாரையாவது சுட்டிருக்குமா என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்தக் கொடுப்பினை இவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

கார்ஜ் வந்தது. கதவு திறந்தது. உறையை மடியில் அணைத்தபடி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இறங்கணும்,” என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.