எஸ்தருக்காக நின்ற ஜீப்

எங்கள் குடும்ப ஏட்டில் செபஸ்தியம்மாள் அத்தைக்கு மூன்று வரிகளே உண்டு. ஞானஸ்நானம் 1961, கூடலூர். திருமணம் 1980. கணவர் இறப்பு 1997. மூன்றையும் எழுதியவர் அவருடைய அண்ணனும் என் தந்தையுமான பிலவேந்திரன். தந்தைக்குப் பின் ஏடு என்னிடம் வந்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நடந்ததை நான்காவது வரியாகச் சேர்க்க முயன்றேன். ஒரு வரியில் அடங்கவில்லை. செபஸ்தியம்மாள் அத்தையிடமும், அவருடைய தங்கை எஸ்தர் அத்தையிடமும், ஜீப் ஓட்டுநர் சீனிச்சாமியிடமும், உடன் வேலை செய்த சண்முகத்தாயிடமும் தனித்தனியே கேட்டேன். ஒத்துவந்ததை எழுதுகிறேன். ஒத்துவராத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை இருபத்தைந்து ஆண்டுகளாகக் குமுளிக்கு அப்பால், கேரளப் பக்கத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் கூடலூரில் ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, ஏழரை மணிக்குத் தோட்டத்தில் இறங்க வேண்டும். ஒரு ஜீப்புக்குப் பதினான்கு பெண்கள். அவர்களைத் திரட்டுவதும், தோட்டத்தில் கூலி பேசுவதும், தினமும் தலை எண்ணிக் காட்டுவதும் கங்காணியின் வேலை. 2013 முதல் கங்காணி செபஸ்தியம்மாள் அத்தைதான். எஸ்தர் அத்தையும் அதே ஜீப்பில் போனவர்.

அப்போது அவர்கள் வேலை செய்த தோட்டத்தை இங்கே பழைய தோட்டம் என்றே குறிக்கிறேன். ஏலச்செடி தரையோடு காய்க்கும். காய் எடுப்பவர் செடியின் அடியில் குந்தியே நகர வேண்டும். 2018 ஆகஸ்டில் ஒருநாள், பெண்கள் அடியில் குந்தியிருக்கும்போதே மேலே மருந்து அடிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். ஒருவர் வாந்தி எடுத்தார். அத்தை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டார், மேற்பார்வையாளர் மறுத்தார். இன்னொருமுறை கேட்டார், அவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அத்தை, “எந்திரிங்கடி” என்றார். பதினான்கு பேரும் எழுந்து தார்ச்சாலைக்கு நடந்து வந்துவிட்டார்கள்.

அதன்பின் இருபத்தாறு நாள் வேலையில்லை. மூன்றாம் வாரத்தில் முணுமுணுப்புத் தொடங்கியது. “அங்கனயே கெடந்து செத்திருக்கலாம். இங்கன கூட்டியாந்து பட்டினி போட்டுக் கொல்லுறா.” இதைச் சொன்னது யார் என்பதில் சாட்சிகள் ஒத்துவரவில்லை, ஒவ்வொருவரும் வேறொருவர் பெயரைச் சொல்கிறார்கள். இருபத்தேழாம் நாள் அத்தை வேறொரு தோட்டம் பிடித்தார். அங்கே ஆள்மேல் மருந்து அடிக்கமாட்டார்கள், கூலி தவறாது. ஆனால் சாப்பாடு கிடையாது. பழைய தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் கப்பைக்கிழங்கும் மத்திமீன் குழம்பும் தருவது வழக்கம்.

நான்கு ஆண்டு கழித்து அந்த மீன் குழம்புதான் ஜீப்பில் பேச்சாயிற்று.

“சனிக்கெழமன்னா அடுப்படியில இருந்து வரும் பாரு ஒரு மணம்” என்பார் ஒருவர்.

“கொழம்ப நான் தின்னதில்ல. மருந்தத்தான் கேள்விப்பட்டிருக்கேன்” என்பார் புதிதாகச் சேர்ந்த சண்முகத்தாய்.

“எங்கக்கா மோசே மாதிரி” என்பார் எஸ்தர் அத்தை. “கூட்டியாந்து விட்டாச்சு. இனி நாப்பது வருசம் நடக்க வேண்டியதுதான்.”

“அம்புட்டு வருசம் என் வண்டி தாங்காதுத்தா” என்பார் சீனிச்சாமி.

எல்லாரும் சிரிப்பார்கள். செபஸ்தியம்மாள் அத்தையின் காதில் அது விழாமல் இருந்திருக்க முடியாது.

குறை மீனைப் பற்றியது அல்ல. அந்த ஆண்டு ஜூனில் கூட்டத்தில் ஒருவர் நின்றுவிட, ஓர் இடம் காலியானது. தம் மருமகள் ஷெரினுக்கு அதைக் கேட்டார் எஸ்தர் அத்தை. செபஸ்தியம்மாள் அத்தையோ இரண்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த சண்முகத்தாய்க்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வேற்று மதம், வேற்றுத் தெரு. வாக்குக் கொடுத்ததைக் கூட்டத்தில் ஒருவரிடமும் அத்தை சொல்லியிருக்கவில்லை. யாரையும் கேளாமல் முடிவெடுப்பது அவருடைய பழக்கம். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

“சொந்தத்த விட்டுட்டு எவளையோ ஏத்துறா. அவ பேசுனா மட்டுந்தான் பேச்சா? எங்களுக்கெல்லாம் வாயில்லையா?” என்று எஸ்தர் அத்தை வீடுவீடாகக் கேட்டார். பழைய தோட்டத்து மேற்பார்வையாளரோடு தொலைபேசியில் பேசியவரும் அவரே.

ஆகஸ்ட் 22, திங்கட்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு, வழக்கமாக ஏறும் பாலத்தருகே இரண்டு ஜீப்புகள் நின்றன. பத்துப் பேர் பழைய தோட்டத்துக்குப் போகும் மற்றதில் ஏறினார்கள். எஸ்தர் அத்தை கடைசியாக ஏறுகையில் திரும்பி, “வாரதுன்னா நீயும் வாக்கா. இடமிருக்கு. ஆனா கங்காணி நாந்தேன்” என்றார்.

“சோத்து வாளிய விட்டுட்டுப் போற” என்றார் செபஸ்தியம்மாள் அத்தை.

எஸ்தர் அத்தை இறங்கிவந்து, பாலத்துச் சுவரிலிருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனார். இதை அவரும் சீனிச்சாமியும் ஒரேபோலச் சொன்னார்கள். செபஸ்தியம்மாள் அத்தைக்கு வாளி நினைவில் இல்லை. அப்போது மனத்தில் என்ன தோன்றியது என்று கேட்டேன்.

“ஒண்ணும் தோணல. நாளெல்லாம் குந்திக் கெடந்துட்டு எந்திரிச்சா காலு நம்ம காலு மாதிரி இருக்காதுல்ல. அப்படித்தேன் இருந்துச்சு.”

நான்கு பேரோடு அந்த ஜீப் மலையேறியது. தோட்டத்து மேலாளர் எண்ணிப் பார்த்துவிட்டு, பதினான்கு பேரை நிரப்ப இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

இரண்டாம் வாரக் கடைசியில் எஸ்தர் அத்தைக்குக் கையும் கழுத்தும் முகத்தின் ஒரு பக்கமும் வீங்கின. பழைய தோட்டத்தில் மருந்து அடிக்கும் முறை மாறியிருக்கவில்லை. தோல் உரிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மேற்பார்வையாளர் அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் செபஸ்தியம்மாள் அத்தையின் வீட்டுக்கு வந்தார்கள். தப்பு எங்களுடையது என்றார்கள்.

“அஞ்சேகாலுக்கு வந்துருங்க” என்றார் அத்தை. ஏசவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

“அப்ப பதினாலாவது ஆளு? பாலத்துப் பக்கம் ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கு.”

“எஸ்தரோட சேத்துத்தேன் பதினாலு.”

“அவதான எங்களக் கூட்டிட்டுப் போனா? போதாக்கொறைக்கு அந்தத் தோலு. ஒட்டிக்கிட்டா என்ன செய்ய? ஜீப்புல முட்டியோட முட்டி இடிச்சில்ல ஒக்காரணும்.”

“ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக.”

“டாக்டரா நம்மகூட ஒக்காந்து வாராக?”

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக் கூட்டிவந்த மோசேக்கு எதிராகப் பாலைவனத்தில் முணுமுணுத்த இஸ்ரயேல் மக்களைப் பற்றி நான் எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் தண்டனையோடு முடிந்துவிடும். நிலம் பிளந்தது, பாம்பு கடித்தது, தம்பி மோசேயைப் பழித்த அக்கா மிரியாமுக்குத் தொழுநோய் வந்தது. முணுமுணுக்காதீர்கள் என்று சொல்லிக் குருக்கள் அமர்ந்துவிடுவார்கள். மிரியாம் பாளையத்துக்கு வெளியே விலக்கி வைக்கப்பட்டிருந்த ஏழு நாளும், அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை, மக்கள் பயணம் புறப்படவில்லை என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. பழித்தவருக்காகக் கூட்டம் முழுவதும் காத்திருந்தது. அந்த ஏழு நாளும் கூடாரங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதப்படவில்லை. கூடலூரில் பேசியது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 5 முதல் தினமும் எஸ்தர் அத்தையின் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் செபஸ்தியம்மாள் அத்தை. ஒருமுறை ஹாரன். பத்து நிமிடம் காத்திருப்பு. பிறகு புறப்பாடு. ஓண விடுமுறை நீங்கலாக எட்டு நாள் இப்படி நடந்தது. அத்தை இறங்கிப்போய்க் கதவைத் தட்டவில்லை, ஆளனுப்பவும் இல்லை.

“மகாராணி பவுடர் போடுறாக போல.”

“தோலே இல்ல, எதுல போட?”

“நாம பதிமூணு பேரு போறதுக்குப் பதினாலு பேரு வாடக கட்டுறோம். கேக்க ஆளில்ல.”

எஸ்தர் அத்தை என்னிடம் சொன்னது: “ஹாரன் கேக்கயில கட்டில்லயே கெடப்பேன். போய்த் தொலையட்டும்னு இருக்கும். வண்டி போன பெறகு எந்திரிச்சு வாசல எட்டிப் பாப்பேன். மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிப்பா போயி நிக்க?” அக்காவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அதை அப்படியே எழுதச் சொன்னார்.

தவணை முடிந்தும் ஒரு தலை குறைவதையும், தினமும் பத்து நிமிடம் பிந்துவதையும் மேலாளர் கவனித்துவந்தார். எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, முடிவாகச் சொல்லிவிட்டார்: நாளைக் காலை பதினான்கு தலை இருக்கவேண்டும், இல்லையென்றால் திங்களிலிருந்து அந்த இடத்துக்கு அவரே ஆள் போடுவார். பாலத்துப் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடுவதா என்று அன்று மாலை இறங்கும்போது சண்முகத்தாய் கேட்டார். வேண்டாம் என்றார் அத்தை.

சனிக்கிழமை, 17ஆம் தேதி. தெருமுனையில் ஜீப் நின்றது. ஒரு ஹாரன். பத்து நிமிடம் ஆயிற்று. சீனிச்சாமி கியரைப் போட்டார்.

“இஞ்சின அமத்துப்பா” என்றார் அத்தை.

“ஆத்தா, நேரமாச்சு. அங்கன போனா நம்மள உள்ள விடமாட்டாக.”

“அமத்து.”

அமர்த்தினார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கவில்லை என்பதில், ஜீப்பில் இருந்த என் சாட்சிகள் மூவரும் ஒத்துவருகிறார்கள். எவ்வளவு நேரம் நின்றது என்பதில் ஒத்துவரவில்லை. கால்மணி என்கிறார் சீனிச்சாமி. அரைமணிக்கு மேல் என்கிறார் சண்முகத்தாய்.

“வண்டி போற சத்தம் வரவே இல்ல” என்றார் எஸ்தர் அத்தை. “கேட்டுக்கிட்டே கெடந்தேன். வரல. பெறகு ஷெரினு சோத்து வாளியக் கொண்டாந்து கட்டில்ல வச்சா.”

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவர் தெருவில் நடந்துவந்தார். பின்பக்கம் ஏறினார். இருபுறமும் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அந்த நெரிசலிலும் ஒரு சாண் இடைவெளி விழுந்தது. கங்காணி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருவது வழக்கம். செபஸ்தியம்மாள் அத்தை இறங்கிப் பின்னால் வந்து, சண்முகத்தாயை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் தங்கையை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே பதினான்கு வரை எண்ணினார். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

திங்கட்கிழமையும் எஸ்தர் அத்தையின் பக்கத்தில் உட்கார ஆளில்லாததால் செபஸ்தியம்மாள் அத்தை பின்னால்தான் ஏறினார். அடுத்த நாளும் அப்படியே. முன்னால் இருந்த சண்முகத்தாயிடம் சீனிச்சாமி நேரம் கேட்கத் தொடங்கினார். மேலாளர் எண்ணிக்கை கேட்கத் தொடங்கினார். தோல் ஆற நவம்பர் ஆயிற்று. அதற்குள் கூலி பேசுவதும் சண்முகத்தாய் என்றாகிவிட்டது. கூட்டம் கூடி முடிவெடுக்கவில்லை. செபஸ்தியம்மாள் அத்தையும் முன் இருக்கையைத் திருப்பிக் கேட்கவில்லை.

முன் இருக்கை போனதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன்.

“அங்கன ஒரே காத்து. காது வலிக்கும்” என்றார்.

இப்போது ஜீப்பில் சண்முகத்தாயைப் பற்றிக் குறை பேசுகிறார்கள். சில நாள் எஸ்தர் அத்தையும் சேர்ந்து பேசுகிறார். அவருடைய முழங்கால் அக்காவின் முழங்காலில் இடித்துக்கொண்டிருக்கும். வளைவுகளில் தங்கை சரியாமல் இருக்கத் தோளைக் கொடுத்துக்கொண்டு அக்கா கண்ணை மூடியிருப்பார்.