பாலத்து ஏற்றத்தில் புதுக் கார்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய நான்காம் நாளே கியர் பழகப் பாம்பன் பாலத்தில் ஏற்றினேன். பக்கத்தில், கார் ஓட்டத் தெரிந்த என் மனைவி. முன்னால் போன வேன், பக்கத்துப் பாலத்து ரயிலை வேடிக்கை பார்க்க ஏற்றத்திலேயே நின்றது. பாழாய்ப்போனவன்! நானும் கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருண்டது. கண்ணாடி முழுக்க, பின்னால் வந்த பஸ்ஸின் முகம்.

இருபது வருடம் விசைப்படகு ஓட்டியவன் நான். படகுக்கு பிரேக் கிடையாது. அலை பின்னால் தள்ளினால் வேகத்தைக் கூட்டுவோம். அதையே செய்தேன். கிளட்ச் மிதிபட்டிருந்ததால் இன்ஜின் உறுமியது, கார் உருண்டுகொண்டே இருந்தது.

"ஏங்க, பிரேக்கு!"

"கத்தாதடி!" என்று கத்தினேன்.

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

"நங்கூரம் போட்டாச்சு. இறங்கி இங்கன வாங்க, நான் ஓட்டுறேன்."